கிராட் பிளஸ் லோன் போயாச்சு, லா ஸ்கூல் ஃபீஸுக்கு இனி என்ன வழி?

வாசகி கேள்வி:

வணக்கம் சார். எனக்கு 24 வயசு, அமெரிக்காவுல கிரீன் கார்டுல இருக்கேன். காலேஜ் முடிச்சிட்டு ஒரு தனியார் லா ஆபீஸ்ல பாராலீகலா வேலை பாக்கறேன். இந்த ஆகஸ்ட்ல, அதாவது 2026 ஃபால்ல, ஜே.டி., அதாவது லா டிகிரி, சேரப் போறேன். ரெண்டு இடத்துல அட்மிஷன் வந்திருக்கு. ஒண்ணு நல்ல பேர் உள்ள தனியார் லா ஸ்கூல், வருஷத்துக்கு மொத்தச் செலவு 1,12,000 டாலர்னு போட்டிருக்காங்க, 20,000 ஸ்காலர்ஷிப். இன்னொண்ணு ஒரு ஸ்டேட் யூனிவர்சிட்டி, மொத்தச் செலவு 68,000, ஸ்காலர்ஷிப் 22,000. எனக்கு பப்ளிக் டிஃபெண்டரா, அதாவது வக்கீல் வைக்க வசதியில்லாதவங்களுக்கு அரசு செலவுல வாதாடற வக்கீலா, போகணும்னு ஆசை. என் கசின் போன வருஷம் லா ஸ்கூல் முடிச்சார், "முழுப் பணமும் கவர்மெண்ட்டே லோனா குடுக்கும், நீ பேசாம பெரிய ஸ்கூலுக்கே போ"ங்கறார். அப்பா "நான் கோசைன் (கடனுக்குக் கூட்டுப் பொறுப்புக் கையெழுத்து) போடறேன், இல்லாட்டி வீட்டு மேல லோன் எடுக்கறேன்"ங்கறார். காலேஜ் லோனே இன்னும் 22,000 பாக்கி இருக்கு. சீட் டெபாசிட் கட்ட நாள் நெருங்குது. என்ன பண்றது?

பதில்:

வணக்கம்மா. முதல்ல கசின் விஷயத்தை முடிச்சிடறேன். அவர் சொல்றது பொய்யில்ல, ஆனா பழைய கதை. 2006 ஜூலைல இருந்து கிராட் பிளஸ்னு ஒரு ஃபெடரல் லோன் இருந்துச்சு, ஸ்கூல் என்ன செலவுக் கணக்கு போடுதோ அதுல ஸ்காலர்ஷிப், மத்த லோன் எல்லாம் கழிச்சு மிச்சம் எவ்ளோவோ அவ்ளோவையும் குடுத்துடும், மேல்வரம்புன்னு ஒண்ணு கிடையாது. உங்க கசின் அதுலதான் படிச்சிருப்பார். 2025 ஜூலை 4-ம் தேதி கையெழுத்தான சட்டத்துல அதைத் தூக்கிட்டாங்க. 2026 ஜூலை 1-ல இருந்து புதுசா கடன் வாங்கறவங்களுக்கு கிராட் பிளஸ் கிடையாது. ஏற்கனவே படிச்சிட்டு இருந்து, அந்தப் படிப்புக்கு ஜூலை 1-க்கு முன்னாடியே ஃபெடரல் லோன் வாங்கினவங்களுக்கு மட்டும் அதிகபட்சம் மூணு வருஷம் பழைய விதியிலயே ஓட்ட விட்டிருக்காங்க. நீங்க சேர்றதே ஆகஸ்ட்லதான், அதனால அந்தச் சலுகைல நீங்க வர மாட்டீங்க.

உங்களுக்குக் கிடைக்கறது டைரக்ட் அன்சப்சிடைஸ்டு லோன். இதுக்கு முன்னாடி இதுல வருஷத்துக்கு 20,500 டாலர்தான் வரம்பு. இப்ப சட்டம், மருத்துவம் மாதிரி புரொஃபஷனல் படிப்புக்கு மட்டும் வருஷத்துக்கு 50,000, மொத்தம் 2,00,000 வரைக்கும்னு ஏத்தியிருக்காங்க. காலேஜ் லோனையும் சேர்த்து ஒரு ஆள் வாழ்நாள்ல வாங்கற ஃபெடரல் கடன் 2,57,500-ஐத் தாண்டக்கூடாதுன்னு தனியா ஒரு வரம்பும் இருக்கு, உங்க 22,000 அதுல சேரும், ஆனா மூணு வருஷத்துக்கு 1,50,000 எடுத்தாலும் நீங்க அதைத் தொட மாட்டீங்க, அதனால அந்தக் கவலை வேணாம். இந்த லோனுக்கு கிரெடிட் ஸ்கோர் பாக்க மாட்டாங்க, கோசைனர் கேக்க மாட்டாங்க, அப்பா சம்பளம் என்னன்னு கேக்க மாட்டாங்க.

வட்டி ஒவ்வொரு மே மாசமும் நடக்கற 10 வருஷ கருவூலப் பத்திர ஏலத்தை வச்சு முடிவாகும், அதுல வர்ற ரேட்டோட 3.6 சதவீதம் கூட்டிக்குவாங்க. 2025-26-க்கு 7.94 சதவீதம். உங்க முதல் வருஷ லோனுக்கு இந்த மே ஏலத்துல வர்ற ரேட்தான், அந்த லோன் இருக்கற வரைக்கும் அது மாறாது, அடுத்த வருஷ லோனுக்கு அடுத்த ரேட். கைக்கு வர்றதுக்கு முன்னாடியே ஒரு ஃபீஸ் பிடிச்சுக்குவாங்க, 1.057 சதவீதம், அதாவது 50,000 எடுத்தா 49,471 சொச்சம்தான் ஸ்கூல் கணக்குக்குப் போகும். சின்னத் தொகைதான், ஆனா செமஸ்டர் ஆரம்பத்துல 260 டாலர் இடிக்குதேன்னு போன் பண்றவங்க நிறையப் பேர், அதான் முன்னாடியே சொல்லி வைக்கறேன்.

அன்சப்சிடைஸ்டுன்னா படிக்கும்போதே வட்டி ஓடிட்டே இருக்கும். 7.94-லயே போட்டு, வருஷத்துக்கு 50,000 வீதம் மூணு வருஷம் எடுத்தா, படிச்சு முடிச்சு ஆறு மாச கிரேஸ் பீரியடும் முடியறப்ப வட்டி மட்டும் ஏறத்தாழ 24,000 டாலர் சேர்ந்திருக்கும். கிராட் ஸ்டூடண்ட்ஸுக்கு படிக்கற காலத்துக்கு கவர்மெண்ட் வட்டி கட்டற சப்சிடைஸ்டு லோன் 2012 ஜூலையோட நின்னு போச்சு.

இப்ப ரெண்டு ஸ்கூலும் அனுப்பின நிதி உதவி (அவார்டு) லெட்டரையும் எடுத்து டேபிள்ல வைங்க. மேல ஸ்காலர்ஷிப்னு ஒரு வரி, கீழ டைரக்ட் அன்சப்சிடைஸ்டுன்னு 50,000, அதுக்குக் கீழ பெரிய ஸ்கூல் லெட்டர்ல இன்னொரு வரி இருக்கும், "கூடுதல் நிதி", "பிரைவேட் லோன்", "மத்த வழிகள்"னு ஏதோ ஒரு பேர்ல, உங்க விஷயத்துல அந்த வரி 42,000-ஆ இருக்கணும். 1,12,000-ல 20,000 போனா 92,000, அதுல 50,000 போனா 42,000. சில லெட்டர்ல இதையெல்லாம் மொத்தமாக் கூட்டி, கடைசில "நீங்கள் செலுத்த வேண்டியது: 0"ன்னு கொட்டை எழுத்துல போட்டிருப்பாங்க. அந்தப் பூஜ்யத்தைப் பாத்து சந்தோஷப்படாதீங்க, அது முழுக்க முழுக்க கடன், அதுலயும் 42,000 யார் குடுக்கறதுன்னே இன்னும் முடிவாகாத கடன். ஸ்டேட் ஸ்கூல் லெட்டர்ல 68,000-ல 22,000 போனா 46,000, அது 50,000-க்குள்ள அடங்கிடுது, வெளில யார்கிட்டயும் கை நீட்ட வேண்டாம்.

என்னைக் கேட்டா உங்க கேள்வியே இந்த 42,000-லதான் இருக்கு. எந்த ஸ்கூல் உசத்திங்கறது அப்புறம். ஏன் இப்படிச் சொல்றேன்னா, அந்த 50,000-ம் இந்த 42,000-ம் பாக்கத்தான் ஒரே டாலர், திருப்பிக் கட்டற அன்னிக்கு ரெண்டும் வேற வேற குணம்.

ஃபெடரல் லோனை சம்பளத்துக்குத் தக்கபடி கட்டலாம். இதுக்கு இப்ப ஆர்ஏபின்னு ஒரு புதுத் திட்டம், 2026 ஜூலைல இருந்து ஆரம்பிக்குது. உங்க வரிக் கணக்குல வர்ற ஏஜிஐ, அதாவது அனுமதிச்ச சில கழிவுகளைக் கழிச்ச வருஷ வருமானம், 60,000-ல இருந்து 70,000-க்குள்ள இருந்தா அதுல 6 சதவீதம், 70-ல இருந்து 80-க்குள்ளன்னா 7, இப்படி பத்தாயிரத்துக்கு ஒரு படி ஏறி 1,00,000-க்கு மேல போனா 10 சதவீதத்துல நிக்கும். பிள்ளைங்க இருந்தா ஒரு பிள்ளைக்கு மாசம் 50 டாலர் கழிச்சுக்கலாம். பப்ளிக் டிஃபெண்டர் ஆரம்பச் சம்பளம் பல ஊர்ல 60, 70 ஆயிரம் பக்கம்தான், 65,000-னு வச்சுக்குங்க. 6 சதவீதம்னா வருஷத்துக்கு 3,900, மாசத்துக்கு 325 டாலர். உங்க கடனுக்கு மாச வட்டியே 900-க்கு மேல வருமே, 325 கட்டினா பாக்கி என்னாகும்னு கேப்பீங்க. கட்டின பணத்துக்கு மேல மிச்சம் நிக்கற வட்டியைத் தள்ளுபடி பண்ணிடறாங்க, அது அசலோட சேராது, அதோட நீங்க ஒழுங்கா தேதிக்குக் கட்டினா மாசம் அதிகபட்சம் 50 டாலர் வரைக்கும் அசலும் குறையற மாதிரி அவங்களே பாத்துக்கறாங்க. பழைய திட்டங்கள் பலதுல கட்டக் கட்ட கடன் வளர்ந்துட்டே போகும், அதைப் பாத்தே பல பேர் மனசு விட்டுப் போனாங்க, இதுல அந்தக் கொடுமை இல்ல. ஆனா திட்டம் ரொம்ப தாராளம்னு நினைச்சுடாதீங்க, பொதுச் சேவைல இல்லாதவங்களுக்கு தள்ளுபடி கிடைக்க 30 வருஷம் கட்டணும்.

நீங்க பொதுச் சேவைக்குப் போறீங்க, அதனால 30 வருஷம் வேணாம், பி.எஸ்.எல்.எஃப்., அதாவது பொதுச் சேவைக் கடன் தள்ளுபடி, இருக்கு. 2007-ல வந்த சட்டம், அரசு வேலைலயோ 501(சி)(3) தொண்டு நிறுவனத்துலயோ முழு நேரமா இருந்துட்டு 120 மாசத் தவணை கட்டினா மிச்சக் கடன் தள்ளுபடி, அதுக்கு ஃபெடரல் இன்கம் டாக்ஸும் கிடையாது. ஆர்ஏபில கட்டற தவணையும் இந்தக் கணக்குல சேரும். இதை நம்பலாமான்னு ஒரு சந்தேகம் வரும், வரவும் வேணும், ஏன்னா முதல் தொகுதி விண்ணப்பங்கள் வந்தப்ப 100-ல 99-ஐ நிராகரிச்சாங்க. பெரும்பாலும் தப்பான வகை லோன், தப்பான திட்டம், தவணைக் கணக்கு சரியா ஏறாதது, ஃபார்ம்ல குறைன்னு காரணங்கள். அதனால வேலைல சேர்ந்த முதல் வருஷத்துல இருந்தே வருஷா வருஷம் எம்ப்ளாயர் சர்டிஃபிகேஷன் ஃபார்ம் போட்டு, எத்தனை தவணை ஏறியிருக்குன்னு பாத்து, ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சுக்குங்க. பத்தாவது வருஷத்துல மொத்தமா போட்டுக்கலாம்னு இருந்தவங்கதான் அதிகம் அடிபட்டாங்க. இன்னொண்ணு, "கணிசமான சட்டவிரோத நோக்கம்" உள்ளதா கல்வித் துறை முடிவு பண்ற நிறுவனங்களை பி.எஸ்.எல்.எஃப்.ல இருந்து விலக்கலாம்னு 2025 அக்டோபர்ல ஒரு விதி வெளியிட்டாங்க, 2026 ஜூலைல இருந்து அமல்னு தேதியும் போட்டாங்க, அதை எதிர்த்து வழக்குகளும் போட்டிருக்காங்க. குடியேற்றச் சட்ட உதவி மாதிரி இடங்களுக்குப் போற எண்ணம் இருந்தா இந்த வழக்கு எப்படிப் போகுதுன்னு கவனிச்சுட்டே இருங்க. கவுண்ட்டியோ ஸ்டேட்டோ நேரா சம்பளம் குடுக்கற பப்ளிக் டிஃபெண்டர் ஆபீஸுக்கு இது பெரிய தலைவலியா இருக்காதுன்னு நான் நினைக்கறேன்.

இப்ப கணக்கைப் பாருங்க. ஸ்டேட் ஸ்கூல்ல மூணு வருஷத்துக்கு 1,38,000 ஃபெடரல் கடன். பெரிய ஸ்கூல்ல 1,50,000 ஃபெடரல், அதுக்கு மேல 1,26,000 பிரைவேட். ஆர்ஏபில தவணை சம்பளத்தைப் பாத்துத்தான் வருது, கடன் அளவைப் பாத்து இல்ல. அதனால 1,38,000-ஓ 1,50,000-ஓ மாசம் 325-தான், பத்து வருஷத்துல சம்பளம் ஏறி தவணை 600 வரைக்கும் போனாலும், கடைசில மிச்சம் ரெண்டுலயும் தள்ளுபடிதான். அப்போ உங்களைப் பொறுத்தவரைக்கும் ரெண்டு ஸ்கூலுக்கும் உள்ள உண்மையான விலை வித்தியாசம் அந்த 1,26,000 பிரைவேட் கடன்தான், அதுல ஒரு பைசா தள்ளுபடி ஆகாது.

அந்தக் கடன் எப்படி இருக்கும்னு சொல்றேன். வட்டி ஆளைப் பொறுத்து மாறும், உதாரணத்துக்கு 10 சதவீதம், 10 வருஷம்னு போட்டா, படிக்கறப்ப ஏறின வட்டியைச் சேர்க்காமலே மாசம் 1,665 டாலர். 65,000 சம்பளத்துல வரி, இன்ஷூரன்ஸ் போக கைக்கு வர்றது நாலாயிரம் சொச்சம். ஃபெடரலுக்கு 325, பிரைவேட்டுக்கு 1,665, கிட்டத்தட்ட 2,000 லோனுக்கே போயிடும், மிச்சம் ரெண்டாயிரத்துல வாடகை, சாப்பாடு, கார். உங்க வேலையோ கிளையண்ட்டைப் பாக்க ஜெயிலுக்கும் கோர்ட்டுக்கும் அலையற வேலை, ரூம்மேட்டோட இருந்தாலும் தாக்குப் பிடிக்கறது கஷ்டம். அப்ப என்னாகும்னா ரெண்டு வருஷத்துல பப்ளிக் டிஃபெண்டர் வேலையை விட்டுட்டு சம்பளம் அதிகமுள்ள ஃபர்முக்குப் போவீங்க. அதுல தப்பு ஒண்ணும் இல்ல, ஆனா அதை நீங்க முடிவு பண்ணதா இருக்கணும், லோன் சர்வீசர் முடிவு பண்ணதா இருக்கக் கூடாது.

"பெரிய ஸ்கூல்ல படிச்சா பெரிய சம்பளம் வருமே சார்"னு அடுத்து கேப்பீங்க, நியாயமான கேள்வி. லாயர்கள் ஆரம்பச் சம்பளத்தை ஒரு கிராஃபா போட்டா ஒட்டகத்துக்கு மாதிரி ரெண்டு திமில் வரும். ஒண்ணு 60-ல இருந்து 90 ஆயிரம் பக்கம், இன்னொண்ணு ரொம்பத் தள்ளி, பெரிய நகரங்கள்ல இருக்கற பெரிய ஃபர்ம்கள் குடுக்கற 2,25,000-ல. நடுவுல ஆள் கம்மி. சராசரிச் சம்பளம்னு ஸ்கூல் பிரோஷர்ல போடற நம்பர் பெரும்பாலும் யாருமே வாங்காத சம்பளம்தான். அந்த ரெண்டாவது திமிலுக்குப் போகணும்னு உறுதியா இருக்கறவங்களுக்கு, அந்த ஸ்கூல்ல இருந்து வகுப்புல பாதிப் பேருக்கு மேல அங்க போறாங்கன்னா, 42,000 இடைவெளியை எடுத்துக்கறதுல ஒரு அர்த்தம் இருக்கு. நாலஞ்சு வருஷம் சிக்கனமா இருந்தா அடைச்சிடலாம், வேலை வாரத்துக்கு 60, 70 மணி நேரம்ங்கறது தனிக்கதை. நீங்க எழுதினதுல அந்த ஆசை எங்கயும் தெரியல. பப்ளிக் டிஃபெண்டர் ஆபீஸ்ல இண்டர்வியூ எடுக்கறவங்க லா ஸ்கூல் கிளினிக்ல (மாணவர்களே மேற்பார்வையோட நிஜ கேஸ் பாக்கற இடம்) என்ன கேஸ் பாத்தீங்க, சம்மர்ல எங்க இருந்தீங்க, கோர்ட்ல நின்னு பேச வருமான்னுதான் முதல்ல பாப்பாங்க. அதனால ஸ்டேட் ஸ்கூல்ல கிரிமினல் டிஃபென்ஸ் கிளினிக் இருக்கா, எத்தனை சீட், ரெண்டாம் வருஷமே சேரலாமான்னு கேட்டு வைங்க, ரேங்க் பட்டியலைப் பாக்கறதை விட அது பிரயோஜனம்.

பெரிய ஸ்கூலை உடனே தள்ளவும் வேண்டாம். ரெண்டு காரியம் பண்ணிட்டு முடிவெடுங்க. ஒண்ணு, இன்னொரு ஸ்கூல்ல வந்த ஸ்காலர்ஷிப்பைக் காட்டி, கிராட் பிளஸ் இல்லாததால இவ்வளவு இடைவெளி வருது, உங்க ஸ்காலர்ஷிப்பை மறுபடி பரிசீலிக்க முடியுமான்னு மரியாதையா ஒரு மெயில் போடுங்க. லா ஸ்கூல் அட்மிஷன்ல இது தினமும் நடக்கறதுதான், யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க, அட்மிஷனைத் திரும்பப் பிடுங்கிடுவாங்களோங்கற பயமும் வேணாம். நம்ம வீடுகள்ல காய்கறிக்கு பேரம் பேசறவங்க ஒரு லட்ச டாலர் ஃபீஸுக்கு வாயே திறக்கறதில்ல, எனக்கு அது இன்னும் புரியல. ரெண்டு, அவங்ககிட்ட எல்.ஆர்.ஏ.பி. இருக்கான்னு கேளுங்க, அதாவது பொதுச் சேவைக்குப் போற பழைய மாணவர்களோட லோன் தவணைல ஸ்கூலே ஒரு பங்கு கட்டற திட்டம். சும்மா "இருக்கா"ன்னு கேட்டா "இருக்கு"ன்னு முடிச்சிடுவாங்க. "பிரைவேட் லோனையும் சேர்த்துக்குவீங்களா, வருஷத்துக்கு உச்சவரம்பு என்ன, எத்தனை வருஷம் குடுப்பீங்க"ன்னு எழுத்துல கேளுங்க. இந்தத் திட்டங்கள் பல கிராட் பிளஸ் இருந்த காலத்துல, கடன் எல்லாம் ஃபெடரல்ங்கற கணக்குல எழுதினது. பிரைவேட்டுக்கும் உதவறோம்னு எழுத்துல பதில் வந்தா நான் மேல போட்ட கணக்கு மாறும், அப்ப மறுபடி எழுதுங்க.

ஸ்டேட் ஸ்கூல் ஸ்காலர்ஷிப்லயும் ஒரு வரியைத் தேடிப் பாக்கணும். சில ஸ்காலர்ஷிப்புக்கு ஜி.பி.ஏ. நிபந்தனை இருக்கும், முதல் வருஷம் 3.2 எடுத்தாத்தான் அடுத்த வருஷம் தொடரும்னு. காலேஜ்ல 3.7 வாங்கின நமக்கு 3.2 என்ன பெரிய விஷயம்னு தோணும். ஆனா லா ஸ்கூல்ல முதல் வருஷம் கர்வ் போட்டுத்தான் கிரேடு, வகுப்புச் சராசரி 3.0-ன்னு அவங்களே நிர்ணயிச்சு வச்சிருந்தா எல்லாரும் விழுந்து விழுந்து படிச்சாலும் பாதிக்கு மேல ஆளுங்க 3.2-க்குக் கீழதான் நிக்க முடியும். ஏபிஏ, அதாவது அமெரிக்க வக்கீல் சங்கத்தோட, அங்கீகாரம் உள்ள ஒவ்வொரு ஸ்கூலும் 509 ரிப்போர்ட்னு ஒண்ணு வருஷா வருஷம் வெளியிடணும், நிபந்தனை ஸ்காலர்ஷிப்போட எத்தனை பேர் சேர்ந்தாங்க, அதுல எத்தனை பேருக்குக் குறைச்சாங்க அல்லது நிறுத்தினாங்கன்னு அதுல நம்பரோட இருக்கும். உங்க 22,000-க்கு நிபந்தனை இருந்து அந்த நம்பர் மோசமா இருந்தா, ரெண்டாம் வருஷம் 46,000 இல்ல, 68,000-னு வச்சுத்தான் யோசிக்கணும், அப்ப இங்கயும் 18,000 பிரைவேட் பக்கம் தள்ளும். மூணு வருஷத்துக்கும் நிபந்தனையில்லாம குடுங்கன்னு டெபாசிட் கட்டறதுக்கு முன்னாடிதான் கேக்க முடியும், கட்டினதுக்கப்புறம் உங்க பேச்சுக்கு எடை கிடையாது.

அப்பா விஷயம். பேரண்ட் பிளஸ் லோன்னு யாராவது சொன்னா அது காலேஜ் பிள்ளைங்களோட பெத்தவங்களுக்கு மட்டும்தான், லா ஸ்கூலுக்குக் கிடையாது. கோசைன் போட்டா அது அப்பாவோட கடனும்தான், நீங்க ஒரு தவணை தவறினா அவர் கிரெடிட்டும் அடி வாங்கும், அவர் பேர்ல வேற லோன் எடுக்கணும்னா இது முழுசா கணக்குல வரும். கோசைனரை விடுவிக்கற வசதி இருக்குன்னு விளம்பரத்துல போடுவாங்க, அதுக்கு உங்க வருமானமும் கிரெடிட்டும் தனியா நிக்கணும், 65,000 சம்பளத்துல 1,26,000 கடனுக்கு அது லேசுல நடக்காது. கோசைனர் இறந்துட்டா உடனே முழுக் கடனையும் கட்டுன்னு கேக்கற வழக்கத்தை மட்டும் 2018 சட்டம் நிறுத்திடுச்சு, அந்த அளவுக்கு நிம்மதி. ஃபெடரல் லோன்ல உங்களுக்கே ஏதாவது ஆச்சுன்னா, மரணமோ நிரந்தர ஊனமோ, கடன் அங்கயே முடிஞ்சுது, குடும்பத்து மேல வராது. வீட்டு மேல லோன் வேணவே வேணாம்னு சொல்லிடுங்க. வட்டி கொஞ்சம் கம்மியா கிடைக்கலாம், ஆனா நீங்க பார் எக்ஸாம்ல ஒரு தடவை தவறினா, வேலை ஆறு மாசம் தள்ளிப் போனா, ஆபத்து உங்க கிரெடிட் ஸ்கோருக்கு இல்ல, அவங்க குடியிருக்கற வீட்டுக்கு. அப்பாவுக்கு ஏதாவது பண்ணணும்னு மனசு இருந்தா, படிக்கற மூணு வருஷமும் உங்க ஹெல்த் இன்ஷூரன்ஸையும் போன் பில்லையும் பாத்துக்கச் சொல்லுங்க, 26 வயசு வரைக்கும் அவர் பிளான்லயே இருக்கலாம், அதுக்கப்புறம் ஸ்கூல் பிளான். அதுவே லோன்ல வருஷத்துக்கு சில ஆயிரம் மிச்சம்.

உங்க பழைய 22,000 பத்தி. லா ஸ்கூல்ல குறைஞ்சது பாதி நேரத்துக்காவது பதிவு பண்ணினா அந்த லோன் தானா நிறுத்தி வைக்கப்படும், சப்சிடைஸ்டு பகுதிக்கு வட்டி ஓடாது, மத்ததுக்கு ஓடும். இதுல பல பேர் கவனிக்காத ஒண்ணு இருக்கு, ஜூலை 1-க்கு அப்புறம் புது ஃபெடரல் லோன் ஒண்ணு எடுத்துட்டா, பழைய லோனுக்கும் ஐ.பி.ஆர். மாதிரி சம்பளத்துக்குத் தக்கபடி கட்டற பழைய திட்டங்களுக்குப் போற கதவு சாத்திடும், எல்லாத்துக்கும் ஆர்ஏபி இல்லாட்டி புது ஸ்டாண்டர்டு பிளான்தான். உங்களுக்கு அதனால பெரிய நஷ்டம் இல்ல, ஏன்னா நீங்க இப்ப இருக்கறது தனியார் லா ஆபீஸ், இது வரைக்கும் கட்டின தவணை எதுவும் பி.எஸ்.எல்.எஃப்.ல ஏறல. உங்க இடத்துல அஞ்சாறு வருஷம் அரசு வேலைல கட்டின ஒருத்தர் இருந்தா நான் வேற மாதிரி சொல்லியிருப்பேன். ஸ்டாண்டர்டு பிளான்ல போய் உக்காந்துடாதீங்க, 1,00,000-க்கு மேல கடன்னா அது 25 வருஷத்துக்கு இழுக்கும், 1,50,000-க்கு 7.94-ல மாசம் 1,152 வரும். அதே மாதிரி வேலைல சேர்ந்ததும் "வட்டியைக் குறைச்சுத் தர்றோம், ரீஃபைனான்ஸ் பண்ணுங்க"ன்னு மெயில் குவியும், ஃபெடரல் லோனை பிரைவேட்டுக்கு மாத்திட்டா அன்னியோட பி.எஸ்.எல்.எஃப். போச்சு, திரும்ப வர முடியாது.

ஃபாஃப்சா, அதாவது ஃபெடரல் நிதி உதவி விண்ணப்பம், போட்டாச்சான்னு நீங்க சொல்லல. 2026-27 ஃபார்ம், 2024 வருஷ டாக்ஸ் கணக்குதான் கேக்கும். கிராட் படிப்புக்கு எல்லாருமே இண்டிபெண்டண்ட், அப்பா அம்மா விவரம் ஃபாஃப்சாவுக்கு வேண்டாம், ஆனா சில ஸ்கூல்கள் தங்களோட சொந்த உதவித் தொகைக்கு பெத்தவங்க வருமானத்தைத் தனி ஃபார்ம்ல கேப்பாங்க, அதைத் தனியா குடுங்க. ரெண்டு ஸ்கூலோட கோட் நம்பரையும் அந்த ஃபார்ம்ல சேர்த்துடுங்க. கிரீன் கார்டு இருக்கறதால உங்களுக்குத் தகுதி இருக்கு. இதைப் படிக்கற எச்-4ல (எச்-1பி வேலை விசாக்காரங்களோட குடும்ப விசா) இருக்கற பிள்ளைங்களுக்கு ஒரு வார்த்தை, ஃபெடரல் லோன் உங்களுக்குக் கிடையாது, ஸ்டேட்டஸ் மாறினா பாத்துக்கலாம்னு டெபாசிட் கட்டிடாதீங்க, பணத்துக்கு வழி கையில இருந்தாத்தான் கட்டணும்.

வேலையை விடாம சாயங்கால வகுப்பு படிக்கலாமான்னும் யோசிச்சிருப்பீங்க. முழு நேரத்தை விடக் குறைச்சு படிச்சா அந்த 50,000 வரம்பும் அதே விகிதத்துல குறையும்னு புதுச் சட்டத்துல இருக்கு, அதையும் வச்சுக் கணக்குப் போடுங்க. அதோட, ஸ்கூல் நினைச்சா ஒரு படிப்புல எல்லாருக்குமே 50,000-க்குக் கீழ ஒரு வரம்பு வைக்கலாம், அப்படி வச்சிருக்காங்களான்னு நிதி உதவி ஆபீஸ்ல ஒரு வரி கேட்டுக்குங்க.

கடைசியா ஒரு செலவு, இதை யாரும் லெட்டர்ல போட மாட்டாங்க. மே மாசம் பட்டம் வாங்கிட்டு ஜூலை கடைசில பார் எக்ஸாம், ரிசல்ட் வர பல ஸ்டேட்ல அக்டோபர் ஆகும். பெரிய ஃபர்ம்ல சேர்றவங்களுக்கு கோச்சிங் ஃபீஸ், அட்வான்ஸ் எல்லாம் ஃபர்மே குடுத்துடும், பப்ளிக் டிஃபெண்டர் ஆபீஸ்ல பெரும்பாலும் கிடையாது. அந்த நாலஞ்சு மாச வாடகைக்கு படிப்பு முடிஞ்சப்புறம் ஃபெடரல் லோன் எடுக்க முடியாது, அதனாலதான் பார் லோன்னு பிரைவேட்ல எடுத்து மாட்டிக்கறாங்க. பார் எக்ஸாம் ஃபீஸை மூணாம் வருஷச் செலவுக் கணக்குல சேர்க்கச் சொல்லி ஸ்கூல்கிட்ட கேக்கலாம், சட்டத்துல அதுக்கு இடம் இருக்கு. ஸ்டேட் ஸ்கூல்ல உங்களுக்கு 46,000 போக 4,000 வரம்பு மிச்சம் நிக்குது, மூணாம் வருஷம் அந்த ஃபீஸ் அந்த இடத்துல அடங்கும், ரெண்டாவது சம்மர்ல சம்பளம் உள்ள ஒரு இண்டர்ன்ஷிப் கிடைச்சா அதை அப்படியே அந்த நாலஞ்சு மாசத்துக்குன்னு ஒதுக்குங்க. இந்த வாரம் ரெண்டு ஸ்கூலுக்கும் மெயில் போட்டுடுங்க, பதில் வர்றதுக்குள்ள டெபாசிட் தேதி வந்துட்டா ஒரு வாரம் நீட்டிப்பு கேளுங்க, பெரும்பாலும் குடுப்பாங்க, குடுக்கலன்னா ஸ்டேட் ஸ்கூல்ல கட்டிடுங்க.